வேப்பம்பூ மிதந்த போத்தல்

ஏப்ரல் 4, வெள்ளி

தாழந்தீவிலிருந்து வந்த போத்தலில் ஒரு வேப்பம்பூ மிதந்தது.

நுளம்புக் குடம்பிகளைத் தட்டில் ஊற்றும்போதுதான் கண்டேன். ஒரே ஒரு பூ. இதழ்கூட வாடவில்லை. தாழந்தீவில் வேப்பமரம் கிடையாது. சின்ன வயதில் அப்பாவின் வள்ளத்தில் ஐந்தாறு தடவை அங்கே போயிருக்கிறேன். தாழை, பனை, உப்புக்குட்டைகள், ஆடுகள். அவ்வளவுதான்.

கஜவதனன் சேரிடம் சொல்ல வாயெடுத்தேன். வழக்கம்போலக் குரல் வரவில்லை. அவர் கைபேசியைப் பார்த்தபடியே, "தங்கச்சி, லேபலை ஒட்டிப்போட்டு வீட்டை போம்" என்றார்.

எழுதி ஒட்டினேன். இடம்: தாழந்தீவு, உப்புக்குட்டை. எடுத்தவர்: ச. கஜவதனன்.

பூவைக் காகிதத்தில் மடித்து இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

இது நிலையத்துக் கொப்பி. முன்பக்கத்தில் முட்டைப் பதிவு, பின்பக்கத்தில் நான் எழுதுவது. யாரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

நான் இங்கே வேலைக்கு வந்து மூன்று மாதமாகிறது. பழைய சங்கக்கடைக் கட்டடத்தைத்தான் நுளம்பு நிலையமாக்கியிருக்கிறார்கள். கஜவதனன் சேர்தான் இதற்குப் பொறுப்பு. தட்டுக் கழுவுவேன், குடம்பிகளுக்குத் தீன் தூவுவேன், லேபல் எழுதுவேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்ட எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. பள்ளியில் எழும்பி நின்று வாசிக்கச் சொல்வார்கள். எனக்கு முதல் சொல்லே தொண்டையில் நின்றுவிடும். வகுப்பு முழுவதும் சிரிக்கும். இங்கே நுளம்புகள் என்னை வாசிக்கச் சொல்வதில்லை.

நிரோதினி மிஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். இந்த நுளம்புகளைப் பற்றி அவர்தான் சொல்லித் தந்தார். நல்ல தண்ணீரில் பெருகுவது ஒரு இனம், உப்புத் தண்ணீரில் பெருகுவது இன்னொரு இனம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சிறகு, கால், புள்ளி, எதை வைத்தும் பிரிக்க முடியாது. முட்டையைத்தான் பார்க்க வேண்டும். முட்டையின் இரு பக்கத்திலும் படகுக்குக் கட்டிய மிதவைபோல ஒன்று இருக்கும். அதில் வரிகள் ஓடும். நல்ல தண்ணீர் இனத்துக்கு முப்பதுக்கு மேல். உப்பு இனத்துக்கு இருபதுக்குள். பிறகு நுளம்பின் காலை வெட்டி மதுசாரத்தில் போட்டு மரபணு பார்க்க அனுப்புவோம். தீவுக்குத் தீவு இந்த நெருங்கிய இனங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதுதான் மிஸ்ஸின் ஆராய்ச்சி.

உப்பு இனம்தான் மலேரியாவைக் காவும் என்றும் மிஸ் சொன்னார். நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். மாசி மாதம் கப்பல் வேலை முடித்து ஆபிரிக்கப் பக்கமிருந்து தாழந்தீவுக்கு வந்த ஒருவருக்கு அது இருந்தது. அவரைக் கூட்டிப்போய்ச் சுகப்படுத்திவிட்டார்கள். அதற்குள் அவரைக் கடித்த நுளம்புகளை யார் பிடித்தார்கள்?

என் அக்கா யூலியா தாழந்தீவில்தான் இருக்கிறா.

இன்று தாழந்தீவு நுளம்புகள் இட்ட முட்டைகளை எண்ணினேன். 32, 34, 31. ஒன்றுகூட இருபதுக்குள் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

வேலைக்குப் போகும்போது எங்கள் தீவின் வேப்பமரங்களை எண்ணிக்கொண்டு போனேன். கோயிலடியில் இரண்டு. தபாற்கந்தோரில் ஒன்று. மெற்றில்டா மாமி வீட்டில் ஒன்று. நிலையத்துக்குப் பின்னால், கஜவதனன் சேர் தங்கியிருக்கும் அறைக்கு முன் ஒன்று. அந்த மரத்துக்கு நேர் கீழே தண்ணீர்த் தொட்டி.

எங்கள் கிணற்றடியிலும் ஒன்று நிற்கிறது. அதை எண்ண வேண்டியதில்லை.

கஜவதனன் சேர் பின்னேரம் அந்தத் தொட்டியடியில் நின்று பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். எதற்குச் சிரித்தார்?

ஏப்ரல் 8, செவ்வாய்

சேர் குளிக்கப் போன நேரம் தொட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே கப்பி மீன்கள். குடம்பி ஒன்றும் இல்லை. மீன் இருக்கும் தொட்டியில் குடம்பி தங்காது.

மீன் என்றதும் ஞாபகம் வந்தது. போன மாதம் மிஸ் வீட்டுக்கு வீடு கிணற்றில் விடக் கப்பி மீன் கொடுத்தார். எங்கள் கிணற்றில் விட்டதை அப்பா அடுத்த நாளே வாளியால் அள்ளிக் கடற்கரையில் ஊற்றிவிட்டார். தண்ணீர் மணக்கிறதாம். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தாழந்தீவுக்குப் போகும் நாள் வெள்ளிதான். விடிய ஐந்து மணிக்கு அப்பாவின் வள்ளத்தில் கஜவதனன் சேர் போவார், பின்னேரம் வருவார். குடம்பிப் போத்தலும் நுளம்புக் கோப்பைகளும் ஒரு பெட்டியில் வரும். அப்பா வள்ளத்தை விட்டு இறங்குவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் யூலியா அக்கா தாழந்தீவு றொபின்சன் அத்தானோடு வீட்டைவிட்டுப் போனபோது, அப்பா கோயிலுக்குப் போய் அந்தோனியார் சுரூபத்தின் காலைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அந்த மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று. றொபின்சன் அத்தானின் ஆட்கள்தான் ஒரு காலத்தில் அப்பாவின் வலையை அறுத்தவர்கள். ஊர் முழுக்க அந்தச் சத்தியத்தைக் கேட்டது. அதனால் சேர்தான் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பிடித்துவர வேண்டும்.

வெள்ளிகளில் எனக்குப் பின்னேரம்தான் வேலை. இன்று ஏழு மணிக்கே தட்டுக் கழுவப் போனேன். சேரின் அறைக்குள் இருமல் கேட்டது. யன்னலால் பார்த்தேன். சாரத்தோடு கட்டிலில் படுத்து யாரிடமோ கதைத்துக்கொண்டிருந்தார்.

"கடலோ? ஐயோ, நான் வள்ளத்தில கால் வைச்சாலே தலை சுத்திச் சத்தி எடுப்பன். முதல் தரம் போனதோட கும்பிட்டு விட்டிட்டன். வள்ளக்காரர் நல்ல மனுசன், அவரே எல்லாம் பிடிச்சுக் கொண்டந்து தாறார்."

நான் யன்னலுக்குக் கீழே குந்தியிருந்தேன். கால் விறைத்த பிறகுதான் எழும்பினேன்.

அப்படியானால் அப்பா தனியாகத்தான் போய் வருகிறார். சத்தியத்தை விட்டு அங்கே இறங்குகிறார். அரசாங்க வேலைக்காக இறங்கினால் அந்தோனியார் மன்னிப்பார் என்று நினைத்திருக்கலாம்.

பின்னேரம் வந்த போத்தலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. நல்ல தண்ணீர்.

அப்பா கொண்டுவருகிற வழியில் யாரோ மாற்றுகிறார்கள். இறங்குதுறையில் பெட்டியை வைத்துவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போவார். அந்த நேரம்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பூசைக்கு முன் எல்லோரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். அப்பா நிற்கவில்லை. வெளியே போய் மதிலோடு நின்றார். அம்மா கேட்டதற்கு, "இடுப்பு நோ, முழங்காலில நிக்கேலாது" என்றார். பூசை முடிந்து வந்து வள்ளத்தைத் தனியாகக் கரைக்கு இழுத்தார்.

பின்னேரம் அம்மா மாட்டுக்கொட்டிலில் வேப்பமிலைப் புகை போட்டா. அப்பா ஓடிவந்து சட்டியைத் தூக்கி எறிந்தார்.

"எத்தினை தரம் சொல்லுறது? புகை போடாதை எண்டு!"

"நுளம்பு பிடுங்கி எடுக்குது மாட்டை. உங்களுக்கென்ன, நீங்களும் விடியப்பறம் அதுக்குப் பக்கத்தில போய்க் குந்திக்கொண்டிருக்கிறியள். என்னைக் கட்டினதுக்கு நீங்கள் அந்த மாட்டையே கட்டியிருக்கலாம்."

"மாடு இருமுது" என்றார் அப்பா.

மாடு இருமியதை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 16, புதன்

மிஸ் வந்தார். மரபணு முடிவுகள் வந்துவிட்டன.

மேசையைச் சுற்றி மிஸ், கஜவதனன் சேர், நான். அப்பா மிஸ்ஸின் பெட்டிகளைத் தூக்கிவந்து வாசலில் நின்றார்.

"இதைப் பாருங்கோ கஜவதனன்" என்றார் மிஸ். "இடையில ஏழு மைல் கடல். ஆனா இஞ்சத்த நல்ல தண்ணி நுளம்புக்கும் தாழந்தீவு நுளம்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அடுத்தடுத்த ஊரில எடுத்தாலே கொஞ்சம் மாறும். இது ஒரே கிணத்தில அள்ளின மாதிரி இருக்கு. உப்புக்குட்டைத் தீவில உப்பு இனம் ஒண்டுகூட இல்லை. நம்பேலாமல் இருக்கு."

"அப்பிடியும் இருக்கலாம் தானே மிஸ்" என்றார் சேர்.

"இருந்தா, அரசாங்கம் தாற நுளம்பு வலையும் மருந்தும் எங்கட மேற்குக் களப்புப் பக்கத்துக்குத்தான் போகும். அங்க உப்பு இனம் இருக்கு. ஒரு இடத்துக்குத்தான் தந்திருக்கினம். தாழந்தீவுக்கு ஒண்டும் இல்லை. அல்லது லேபல் மாறியிருக்கோணும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒன்பதாம் வகுப்போட நிண்ட பிள்ளை மிஸ்" என்றார் சேர். "மாத்தி ஒட்டியிருக்கும்."

மிஸ் வாசல் பக்கம் திரும்பினார். "பிலேந்திரன் அண்ணை, நீங்கள் கொண்டாற பெட்டி சரியாத்தானே வருது?"

அப்பா தன் காலைப் பார்த்தார். "அது சரியாத்தான் வரும் மிஸ். அவள் சின்னப்பிள்ளை. பிழை விட்டிருப்பாள்."

நான் எழுதிய ஒவ்வொரு லேபலும் எனக்குத் தெரியும். ஒன்றுகூட மாறவில்லை. அதைச் சொல்ல நாலு சொல் போதும். வரவில்லை.

"இருபத்தஞ்சாம் திகதி முடிவை அனுப்போணும்" என்றார் மிஸ். "அதுக்குள்ள எங்க பிழை எண்டு தெரியோணும். இல்லாட்டி, கொரற்றி, உம்மை இந்த வேலையில வைக்கேலாது. கோவிக்கக்கூடாது."

ஏப்ரல் 17, வியாழன்

சேர் லீவில் வவுனியா போய்விட்டார். அப்பா எனக்கு இரண்டு மாம்பழம் வாங்கிவந்தார். நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். அப்பா நேற்றே கழற்றி எங்கள் குசினிக்குள் வைத்தார். இன்று பகல் முழுவதும் சிலுவைப்பாதையில் எங்களோடு நடந்தார்.

ஐந்து மணிக்குக் குடம்பிகளுக்குத் தீன் போட நிலையத்துக்குப் போனேன்.

வாசற்படியில் பெட்டி இருந்தது. போத்தலும் இருந்தது, நுளம்புக் கோப்பைகளும் இருந்தன. மூடியில் அப்பாவின் எழுத்து. *18. தாழந்தீவு.*

வெள்ளி என்றால் பெட்டி. எங்களைப்போல வேதக்காரர் அல்லாத கஜவதனன் சேருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அப்பாவும் பழக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டார், இன்று வள்ளம் போகாத வெள்ளி என்பதை யோசிக்கவில்லை.

படியில் இருந்தேன். இயந்திரம் எங்கள் குசினியில் இருக்கிறது. காலையில் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 19, சனி

எங்கள் வீட்டு வேம்பையும் சேர்த்தால் ஆறு.

ஏப்ரல் 21, திங்கள்

மெற்றில்டா மாமி தாழந்தீவுக்குப் பாண் கொண்டுபோகிறவ. விடியவே அவவின் வள்ளத்தடியில் போய் நின்று, நானும் வரட்டோ என்று கேட்டேன்.

"அடி ஆத்தை! இந்தப் பிள்ளைக்கு வாய் இருக்கு!" என்று மாமி இடுப்பில் கைவைத்தா. "கொப்பருக்குத் தெரியுமோ?"

தலையை ஆட்டினேன். ஆமா இல்லையா என்று தெரியாதபடி.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஏறு. பாண் பெட்டிக்கு மேல இருந்தியோ, நசிஞ்ச பாண் முழுக்க நீதான் தின்னோணும்."

தாழந்தீவில் இறங்குதுறை இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தேன். பாவாடை நனைந்து காலில் ஒட்டியது. அக்கா கரையில் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றா. என்னைக் கண்டு தடியைப் போட்டுவிட்டு வந்தா. ஓடி வரவில்லை. வயிறு.

"என்னடி, வழி தப்பி வந்தனியோ?"

ஐந்து மாதமாம். எங்கள் வீட்டுக்குச் செய்தி அனுப்பவில்லை. அனுப்பினால் யார் வாங்குவது என்றா.

உள்ளே றொபின்சன் அத்தான் போர்வைக்குள் கிடந்தார். வெயில் கொளுத்துகிறது, அவருக்குப் பல்லுக் கிட்டியது. நாலு நாளாக ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கமாம். "கடல் குளிர் பிடிச்சிட்டுது, பனடோல் குடுத்தனான்" என்றா அக்கா. அவர்களிடம் ஒரு நுளம்பு வலைதான் இருந்தது. அதிலும் கிழிந்த இரண்டு இடத்தை ஊசி குத்திச் சேர்த்திருந்தது.

"அப்பா வெள்ளிக்கிழமையில வாறவர் எல்லோ?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பதிலைத்தான் கேட்டேன்.

அக்கா சிரித்தா. "அப்பாவோ? ரெண்டு மூண்டு தரம் வள்ளத்தைக் கண்டனான். அங்க, அலை உடையிற கற்பாருக்கு வெளியில. நங்கூரம் போட்டு, இஞ்சாலேயே பாத்துக்கொண்டு இருப்பார். கை காட்டுவன். பிறகு திருப்பிக்கொண்டு போயிடுவார்."

ஆட்டுப்பட்டியில் உறிஞ்சு குழாயால் ஒன்பது நுளம்பு பிடித்தேன். அக்கா பக்கத்தில் நின்று, "பள்ளிக்கூடத்தை விட்டிட்டு இதோ படிக்கிறாய்?" என்று பகிடி பண்ணினா. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோப்பையில் விட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஒன்பதில் ஏழு முட்டையிட்டன. நுணுக்குக்காட்டியில் வைத்து ஒவ்வொன்றையும் மூன்று தரம் எண்ணினேன். 17, 18, 16, 17, 19, 18, 17.

பின்னேரம் கரைக்குப் போனேன். அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"மெற்றில்டா சொன்னவள்" என்றார், ஊசியை நிறுத்தாமல். "அங்க போனியோ?"

"ஓம்."

இன்னும் இரண்டு கண்ணி பொத்தினார். பிறகு, "எப்பிடி இருக்கிறாள்?"

"அஞ்சு மாசம்."

ஊசி நின்றது. "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல அப்பா."

நான் அவருக்கு எதிர்வார்த்தை சொன்னது இதுதான் முதல் தரம். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தானின் நடுக்கத்தைச் சொன்னேன். வலையைச் சொன்னேன். தாழந்தீவு முட்டையில் பதினேழு வரி, நீங்கள் கொண்டுவருவதில் முப்பத்திரண்டு என்று சொன்னேன்.

"பெரிய வெள்ளி அண்டைக்கு இயந்திரம் குசினிக்க இருந்தது அப்பா."

"மெல்லக் கதை" என்றார். "கொம்மாவுக்குக் கேக்கும்."

அலை வந்து வலையின் ஓரத்தை நனைத்தது. அவர் இழுக்கவில்லை.

"ஒவ்வொரு வெள்ளியும் இறங்கத்தான் போறனான் பிள்ளை. அந்தோனியாரின்ர காலைப் பிடிச்ச கை இது. நுளம்புதானே, எல்லாம் ஒண்டுதானே எண்டு நினைச்சன்." பிறகு, "சொல்லப்போறியோ?"

நான் வலையின் நனைந்த ஓரத்தை மேலே இழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடிய எழும்பியபோது அப்பா இல்லை. இயந்திரமும் இல்லை. பெட்டியும் போத்தலும் எடுக்கப்படாமல் குசினிச் சுவரோடு கிடந்தன.

எங்கள் கிணற்றில் ஒரு போத்தல் அள்ளினேன். கொட்டிலில் நாலு நுளம்பு பிடித்தேன். நிலையத்துக்குப் போய் லேபல் எழுதினேன்.

மிஸ் ஒன்பது மணிக்கு வந்தார். கஜவதனன் சேர் பின்னால். நான் மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். மிஸ் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இது எங்கத்த முட்டை?"

லேபலை நீட்டினேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. "வாசியும் கொரற்றி."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இடம், தாழந்தீவு, யூலியா வீட்டு ஆட்டுப்பட்டி. எடுத்தவர், பி. கொரற்றி. வரி, பதினேழு."

"மற்றது?"

"இடம், பிலேந்திரன் வீட்டுக் கிணறும் மாட்டுக்கொட்டிலும். எடுத்தவர், பி. கொரற்றி." மூச்சு எடுத்தேன். "சனவரி தொடக்கம் தாழந்தீவு எண்டு வந்ததும் இதுதான் மிஸ். அதை எடுத்தவர் கஜவதனன் சேர் இல்லை. எங்கட அப்பா."

சேர் கதிரையில் இருந்தார். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

அத்தானின் காய்ச்சலையும் சொன்னேன். மிஸ் என்னிடம் வேறொன்றும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தார். இரத்தம் சோதிக்கிற ஆட்களை இன்றைக்கே தாழந்தீவுக்கு அனுப்பச் சொன்னார். அங்கே யார் வள்ளம் கொண்டுபோவது என்று மறுமுனையில் கேட்டார்கள் போல. மிஸ் என்னைப் பார்த்தார்.

"வள்ளம் ஏற்கெனவே போயிட்டுது மிஸ்" என்றேன். இறங்கினாரா, பாருக்கு வெளியே நிற்கிறாரா, எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியில் உதிர்ந்த வேப்பமிலையைக் கூட்டிச் சட்டியில் அள்ளினேன். அம்மா நெருப்புக் கொண்டுவந்து தந்தா. மாட்டுக்கொட்டிலுக்குப் புகை போட்டேன்.